ஒரு கப்புக்கு எத்தனை கிராம்?

ஒரு மனித உயிரின் விலை நாளொன்றுக்கு மூன்று கப் வெந்த காய்கறி என்று டாக்டரம்மா சொன்னதும், தராசுக்கடைக்காரர் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பதுதான்.

"என்னத்தப் பார்க்கறது?"

"மூணுங்கிறது ஜாஸ்தி. ரெண்டுன்னு முடிச்சுக்கலாமே. நான் என்ன இன்னிக்கா வர்றேன், எட்டு வருஷமா இங்கதானே வந்துக்கிட்டிருக்கேன்."

"இது என்ன வியாபாரமா?"

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ரெண்டரை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மூணு கப். மூணும் வேற வேற காய். ஒரு மாசம். அப்பவும் ரத்தத்துல சர்க்கரை இறங்கலைன்னா தினம் ரெண்டு வேளை ஊசி. அதுல பேரமே கிடையாது."

ஊசி என்றதும் கடைக்காரர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

கடைத்தெருவில் அவருக்கு முள்ளுக்காரர் என்று பெயர். தராசு முள் மயிரிழை சாய்ந்தாலும் அவர் கண்ணுக்கு அது மலை சாய்ந்த மாதிரி. ஊரையெல்லாம் முள்ளைக் காட்டி மிரட்டியவருக்கு, அதே கனத்தில் இன்னொரு முள் தன் தொடையை நோக்கி வருவது மட்டும் ஆகாது. முன்பொரு முறை காலில் துருப்பிடித்த ஆணி ஏறியபோது, ஊசியோடு வந்த நர்ஸைப் பார்த்து, "ஆணியே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தவர்.

"சரி, மூணே இருக்கட்டும்" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஒரு கப்புன்னா எத்தனை கிராம்?"

"கப்புன்னா கப்புதான். கிராமெல்லாம் நீங்களே மாத்திக்குங்க. அதுதானே உங்க தொழில்?"

பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் திறந்தாள்.

"ஒரு கப்பை எடுத்தோமா, ரொப்பினோமா, தின்னோமான்னு இருக்கலாமில்ல?"

"எந்தக் கப்பு?" என்றார் முள்ளுக்காரர்.

நியாயமான கேள்விதான். அலமாரியில் ஏழு கப் இருந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று கல்யாணத்துக்கு வந்தது, ஒன்று பெயின்ட் வாங்கியதற்கு இலவசமாக வந்தது, இரண்டுக்குக் காது இல்லை.

"கப்புங்கிறதே ஏமாத்து வேலை. காய்க்கும் காய்க்கும் நடுவுல இருக்கிற காத்தையும் சேத்து அளக்கறவன் கண்டுபிடிச்சது. ஒரு கிராம் கொறைஞ்சாலும் சர்க்கரை எறங்காது, ஒரு கிராம் கூடினாலும் எறங்காது. எடைதான் எடை."

"அப்ப எடை போடுங்க. நானா வேணாங்கிறேன்?" என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

முதல் வேலையாக டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு போன் போட்டார். கம்பவுண்டர் எதையோ மென்றுகொண்டே எடுத்தார்.

"கப்புன்னா எவ்வளவு?"

"இருநூத்தி நாப்பது மில்லி."

"மில்லி கேக்கல, கிராம்."

"தண்ணி ஊத்தி எடை போட்டுப் பாருங்க, கடைக்காரரே. அதுக்கும் நானா வரணும்?"

முள்ளுக்காரர் கடைக்கு இறங்கி, அளவுக் குடுவையில் இருநூற்று நாற்பது மில்லி தண்ணீர் பிடித்துத் தராசில் வைத்தார். இருநூற்று நாற்பது கிராம். 'ஒரு கப் = 240' என்று கடை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். விஷயம் முடிந்தது.

அன்றைக்குக் கீரை, காலிஃபிளவர், பீன்ஸ். ஒவ்வொன்றிலும் இருநூற்று நாற்பது கிராம். கீரையில் ஒரு கட்டு வெந்தால் ஒரு பிடிதான் மிஞ்சும். மனைவி கட்டுக் கட்டாக வாங்கி, வதக்கி, நிறுத்து, பற்றாமல் மறுபடி வதக்கினாள். காலிஃபிளவரோ ஒரு கிண்ணத்துக்கு இன்னொரு கிண்ணமாக வந்து நின்றது. முள்ளுக்காரர் எழுநூற்று இருபது கிராமையும் கண்ணில் நீர் வரத் தின்று தீர்த்தார்.

மறுநாள் கடை திறக்கப் பதினோரு மணி ஆனது. அதுவரை அவர் எங்கே இருந்தார் என்பதை, குழாய்ச் சத்தம் கேட்ட கீழ்வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு மைத்துனன் வந்தான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். யார் வீட்டில் எது கெட்டாலும் வந்து காரணம் சொல்லிவிட்டுப் போவது அவன் வழக்கம்.

"மாமா, தண்ணிக்குத்தான் மில்லியும் கிராமும் ஒண்ணு. காய்க்கு அப்படி இல்ல. ஒரு கப்பு காலிஃபிளவரு நூத்தி இருபது, நூத்தி இருபத்தஞ்சு கிராம்தான் இருக்கும். நீங்க ரெண்டு கப்பு தின்னிருக்கீங்க."

"இதை நேத்து சொல்றதுக்கு என்ன மாப்ளே?"

"நேத்து நீங்க கேக்கலையே."

"சரி, கீரை எவ்வளவு, பீன்ஸு எவ்வளவு, சொல்லு. எழுதிக்கிறேன்."

"அது வெட்டுறதப் பொறுத்தது, வேக வைக்கிறதப் பொறுத்தது, அமுக்கி அளக்கறதா அலுங்காம அளக்கறதான்னு பொறுத்தது. ஒவ்வொண்ணையும் கப்புல போட்டு நிறுத்துதான் பாக்கணும். ஒரு சின்னத் தராசை மேல கொண்டாந்து சமையல்கட்டுல வெச்சுக்குங்களேன். கடை நெறைய அதுதானே இருக்கு?"

முள்ளுக்காரர் அவனைப் பார்த்த பார்வையில் வெந்த காய் மறுபடி பச்சையாகியிருக்கும்.

"பெட்டியைப் பிரிச்சா அது பழசு. பழசு பாதி விலை. எங்கப்பா காலத்துலேருந்து சரக்கு வீடேறினதில்ல. மேசையில முத்திரை போட்டு ஒண்ணு நிக்குதே, அது போதும்."

மைத்துனன் ஆதரவுக்கு அக்காளைப் பார்த்தான். அவளோ, "அவர் சொல்றதுதான்டா சரி. இருக்கிறதை விட்டுட்டுப் புதுசை ஏன் பிரிக்கணும்?" என்றாள். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவர் பக்கம் பேசியது அதுவே முதல் தடவை. முள்ளுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கடை தரைத்தளத்தில். வீடு மூன்றாவது மாடியில். நடுவே லிஃப்ட் என்ற பேச்சே இல்லாத ஐம்பத்து நான்கு படிகள். வழக்கமாக அவர் காலையில் ஒரு முறை இறங்கி, கடை அடைத்ததும் ஒரு முறை ஏறுவதோடு சரி. மதியச் சாப்பாடு பால்கனியிலிருந்து கயிற்றுக் கூடையில் இறங்கிவரும். காயும் அப்படியே இறங்கட்டும் என்று ஏற்பாடானது.

இரண்டு நாள் ஒழுங்காக இறங்கியது. மூன்றாம் நாள், ஒரு நகைக்கடை முதலாளி குன்றிமணிக்கும் கோணாத தராசு வேண்டுமென்று வாசலில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். மேலே கயிறு நழுவியது. ஒரு கப் பீட்ரூட், சூடு ஆறாமல், சாறோடு, முதலாளியின் வழுக்கையில் வந்து அமர்ந்தது. அவர் தலையைத் தடவிக் கையைப் பார்த்தார். சிவப்பு.

"ஐயோ, மண்டை போச்சே!"

"மண்டை இல்லீங்க, பீட்ரூட்டு" என்றார் முள்ளுக்காரர். "துடைக்காதீங்க, நிறுக்கணும்."

விற்பனை போனது. மாடியை அண்ணாந்து பார்த்து அவர் கத்தினார், "கயித்தைப் பிடிக்கக்கூடத் தெரியாதா?"

"கை வழுக்கிருச்சுங்க!" என்று மேலேயிருந்து பதில் வந்தது. "எனக்குப் பயமா இருக்கு. இனிமே கூடை வேணாம். நீங்களே வந்து வாங்கிட்டுப் போயிடுங்க."

அன்றிலிருந்து முள்ளுக்காரரே ஏறினார். மூடி போட்ட பாத்திரத்தில் ஒரு கப் காயை வாங்கி, இறங்கி, நிறுத்து, அட்டையில் எழுதி, சாப்பிட மறுபடி ஏறினார். பட்டியல் முழுமையாகிவிட்டால் அப்புறம் கீழே கொண்டுவர வேண்டியதே இல்லை, அட்டையைப் பார்த்தே காலம் தள்ளலாம் என்பது அவர் கணக்கு.

கேரட்: 156. எழுதினார். இரண்டு நாள் கழித்து மறுபடி கேரட் வந்தது. சந்தேகத்துக்கு நிறுத்துப் பார்த்தார். 139.

பாத்திரத்தோடு மேலே ஓடினார். "பதினேழு கிராம் எங்க?"

"என்னைக் கேட்டா?"

"யாரைக் கேக்கறது? அன்னிக்கு நூத்தி அம்பத்தாறு. இன்னிக்கு நூத்தி முப்பத்தொம்பது. வாயைத் திற."

அவள் வாயைத் திறந்து காட்டினாள். கேரட் இல்லை.

"அன்னிக்கு வட்டமா நறுக்கினேன். இன்னிக்கு நீளமா நறுக்கினேன். அதுவா இருக்குமோ?"

"ஏன் மாத்துறே?"

"ஒரே மாதிரி தின்னா உங்களுக்குச் சலிச்சுப்போகுமேன்னுதான்."

பட்டியல் நீண்டது. கேரட் வட்டம், கேரட் நீளம், கேரட் சதுரம், கேரட் துருவல். முட்டைகோஸ் தலைதட்டி, முட்டைகோஸ் அமுக்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை ஏற்றம், ஒரு முறை இறக்கம். ஒரு நாள், "ஏங்க, பூசணி குழைஞ்சு போச்சு" என்றாள். குழைந்த பூசணி கல்லாகக் கனத்தது, இருநூற்று நாற்பத்தைந்து. மறுநாள், "ஏங்க, பூசணி இன்னிக்கு வேகவே மாட்டேங்குது" என்றாள். அதற்கு ஒரு தனி வரி.

அட்டை நிறைந்து இரண்டாவது அட்டை ஆரம்பித்தார்.

அதைவிடக் கொடுமை, நிறுத்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்தால் அவள் பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். "ஆறிப்போச்சு. இருங்க, சூடு பண்ணித் தர்றேன்."

சூடு பண்ணினால் நீர் வற்றும். நீர் வற்றினால் எடை குறையும். அவர் பெருமூச்சு விட்டு, பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்குவார். "நூத்தி நாப்பத்தெட்டு!" என்று கீழேயிருந்து கத்துவார். "என்னது? காது கேக்கல, மேல வந்து சொல்லுங்க!" என்று பதில் வரும்.

கடைத்தெருவில் பேச்சு கிளம்பியது. முள்ளுக்காரர் தராசு வியாபாரத்தை மூடிவிட்டுச் சாப்பாட்டுக்கடை போடப்போகிறார் என்றார்கள். ஒரு அம்மாள் வந்து தராசுத் தட்டில் இருந்த பீன்ஸை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தலையே, என்ன விலை?" என்று கேட்டாள். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரன் மட்டும், "அண்ணே, பெல்ட்டு தொங்குது" என்றான்.

"தோலு நீண்டுபோச்சு. இப்பல்லாம் எங்க நல்ல சரக்கு வருது?" என்று சொல்லி முள்ளுக்காரர் பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டார்.

இருபத்தொன்பதாம் நாள் எடையளவு அதிகாரி வந்தார், ஆண்டுக்கொரு முறை தராசைச் சோதித்து முத்திரை வைக்கிறவர். வேறு கடைகளில் அவரைப் பார்த்ததும் ஓடி ஒளிவார்கள். முள்ளுக்காரர் கடையில் மட்டும் நாற்காலி போடுவார்கள். 'உங்க தராசைப் பார்த்து நான் என் வாட்சைச் சரிபண்ணிக்குவேன்' என்று ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார்.

அதிகாரி மேசைத் தராசைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தட்டுல ஒண்ணுமில்ல. முள்ளு நாலு கிராம் காட்டுது."

"இருக்காதே!"

அதிகாரி தட்டைத் தூக்கினார். அடியில் பீட்ரூட் சாறு பாகாகக் காய்ந்து கிடந்தது. அதில் கீரை நரம்பு ஒன்று, காலிஃபிளவர் துணுக்கு இரண்டு, கேரட் துருவல் ஒரு சிட்டிகை. ஒரு குடும்பத்துக்கு இல்லாவிட்டாலும் ஒரு குருவிக்குத் தாராளமாகப் போதும்.

"நாப்பது வருஷத்துக் கடை" என்றார் அதிகாரி துக்க வீட்டுக் குரலில். "உங்க அப்பா இருந்திருந்தா..."

"அவரு இருந்திருந்தா அவருக்கும் சர்க்கரைதாங்க. துடைச்சிடறேன், முத்திரை போட்டுட்டுப் போங்க."

துடைத்தார். முள் பூச்சியத்துக்கு வந்தது. முத்திரையும் விழுந்தது. ஆனால் முள்ளுக்காரர் முத்திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு கிராம்! என்றைக்கிலிருந்து நாலு கிராம்? முதல் வாரத்திலிருந்தா, போன வாரத்திலிருந்தா? பட்டியல் மொத்தமும் பொய். ஒரு மாதமாகத் தின்ற ஒவ்வொரு கப்பிலும் நாலு கிராம் குறைவு. நாளை கழித்து ரத்தப் பரிசோதனை. கண்ணை மூடினால் பழுப்புத் துணியில் வரிசையாகப் படுத்திருக்கும் ஊசிகள் தெரிந்தன.

மூச்சிரைக்க மேலே ஓடினார். இரைப்பு முன்னளவு இல்லை என்பதை அவரே கவனிக்கவில்லை.

"எல்லாம் தப்பு! நாலு கிராம் தப்பு!"

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன பண்றது?"

"தெரியலையே. டாக்டரம்மாகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"இன்னும் முழுசா ஒரு நாள் இருக்கே. எல்லாக் காயையும் மறுபடி வேக வெச்சுத் தர்றேன். புதுசா நிறுத்து எழுதிக்குங்க. பட்டியலாவது சுத்தமா இருக்கும்."

"அத்தனையுமா?"

"பதினோரு காய்தானே? ஒரே அடுப்பு, ஒவ்வொண்ணாத்தான் வேகும். வெந்ததும் கூப்பிடறேன், வந்து வாங்கிட்டுப் போங்க."

இப்படி ஒரு பெண்சாதி கிடைக்க என்ன தவம் செய்தேன் என்று முள்ளுக்காரர் முதல் தடவையாக நினைத்துக்கொண்டார். முப்பதாம் நாள் பதினோரு முறை குரல் வந்தது, பதினோரு முறை ஏறினார். பூசணியைத் தூக்கி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருவரையொருவர் தாண்டிப்போன பள்ளிப் பிள்ளைகளையே அவர் முந்திவிட்டார்.

மறுநாள் காலை தனியாகவே கிளினிக்குக்குப் போனார். வர்றியா என்று கேட்டதற்கு, "நான் எதுக்கு? என் வேலை முடிஞ்சது" என்றாள் மனைவி. விரல் நுனியில் குத்தும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு கேரட் வாய்ப்பாட்டை முணுமுணுத்தார். பிறகு வெளியே பெஞ்சில் அரை மணி நேரம், இரண்டு அட்டைகளையும் நெஞ்சோடு அணைத்தபடி.

உள்ளே போனபோது டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி காகிதத்தை.

"ஊசி வேணாம்."

"என்னது?"

"வேணாம். சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. எடை அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. பிரஷர்கூடத் தேவலை. இப்படியே விடாம செய்யுங்க."

முள்ளுக்காரர் எழுந்து நின்றார். கண் கலங்கியது. ஊசிக்குப் பயந்த உடம்பு சட்டென்று ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது.

"டாக்டரம்மா, நான் அன்னிக்கே சொன்னேன். கப்பாவது, கிண்ணியாவது! எல்லாம் எடைதான். நாலு கிராம் பிசகுச்சு, அதையும் பிடிச்சிட்டேன். இந்தாங்க, முப்பத்தேழு வரி. வட்டம், நீளம், சதுரம், துருவல், எல்லாம் இருக்கு. பிரேம் போட்டு மாட்டுங்க. ஊருக்கே உபயோகப்படும். இனிமே யாருக்கும் கப்புல எழுதிக் கொடுக்காதீங்க."

டாக்டரம்மா அட்டைகளை வாங்கி, மிகுந்த மரியாதையோடு இரண்டு கையாலும் மேசையில் வைத்தார். "உங்களுக்கு மட்டும்தான் கப்புல எழுதினேன்" என்று சொல்லிவிட்டு மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதை அவர் ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பவுண்டர் மேசையில் ஒரு கையை ஊன்றி நின்றார்.

"பார்த்தியாப்பா? கேக்கறவங்க கேக்கட்டும், சிரிக்கறவங்க சிரிக்கட்டும். நூத்தி அம்பத்தாறு கிராம்னா நூத்தி அம்பத்தாறு கிராம். எப்படி எறக்கினேன் பார்த்தியா சர்க்கரையை?"

கம்பவுண்டர் அவருடைய சீட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார்.

"'நடக்கச் சொன்னா நகர மாட்டாரு, காயை மட்டும் கப்புல எழுதிக் கொடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்'னு உங்க வீட்டம்மா போன மாசமே டாக்டரம்மாகிட்ட சொல்லி வெச்சதுதானே இதெல்லாம், இன்னிக்குக் காலையில போன் பண்ணிக் கணக்கும் கொடுத்துட்டாங்க, எழுதி வெச்சிருக்கேன் பாருங்க: இறங்கினது நூத்தி எண்பத்தி மூணு தடவை, ஏறினது நூத்தி எண்பத்தி ரெண்டு, ஆக அம்பத்தி நாலு படி பாக்கி, வீட்டுக்கு வந்ததும் ஏறி அடைச்சிடச் சொன்னாங்க."